மறுநாள் பேப்பர்

“அதெல்லாம் இருக்கட்டும் ஏட்டி. மறுநாள் என்ன ஆச்சு? அதச் சொல்லு.”

எங்கள் ஹாஸ்டல் வார்டன் அக்காவிடம் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். புதுப்படம் பார்த்துவிட்டு வந்து, வில்லனை அடித்துப் போட்டு ஹீரோ அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தால், “சரி, மறுநாள் காலையில அந்த வீட்ல யாரு சோறு பொங்குனா?” என்பார். ஊரில் தன் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது என்று ஒருத்தி வந்து சொன்னால், மாப்பிள்ளை எப்படி, நகை எவ்வளவு என்றெல்லாம் கேட்கவே மாட்டார். பந்தல் பிரிக்கும்போது வீடு எப்படி இருந்தது என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மண்ணூரில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மாடிக் கட்டடம். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற காண்ட்ராக்டர் அதை வாடகைக்குப் பிடித்து, ரூமுக்கு ரூம் இரும்புக் கட்டில் போட்டு, எங்களைக் குடிவைத்திருந்தார். நான் வந்தவாசிப் பக்கம். திருவண்ணாமலை, தருமபுரி, தென்காசி, பழவேற்காடு என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்தோம். செல்போனுக்குள்ளே கேமரா பொருத்துகிற லைனில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் யார் தோளில் யார் தூங்குகிறோம் என்று தெரியாது. ஹாஸ்டல் வாசலில் பஸ் நின்றதும் அக்கா நிற்பார். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். வீங்கியிருந்தால், “வெந்நி வச்சிருக்கேன், எடுத்துக்கிடு” என்பார்.

அவர் ரூம் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில். ஒரு கட்டில், ஒரு மாதா படம், கட்டிலுக்குக் கீழே பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷி யாரிடமும் கேட்டு நான் பார்த்தது. அது கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள்ளே இருந்ததெல்லாம் ராக்கெட் சம்பந்தப்பட்டது. பேப்பர் கட்டிங், தபால் உறை, தொப்பி, பேட்ஜ். இந்த மாதிரி சேர்க்கிறவர்கள் நிறைய பேர் உண்டாம், பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அக்கா சேர்த்தது முழுக்க விழுந்த ராக்கெட். கடலில் விழுந்தது, வழி தவறிப்போனது, நிலாவுக்குக் கிட்டே போய்ப் பேச்சை நிறுத்திக்கொண்டது. அந்தந்த நாளின் பேப்பர்கூட இல்லை, அதற்கு அடுத்த நாள் பேப்பர். தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற விஞ்ஞானிகள், காலி நாற்காலிகள், “இருந்தாலும் முயற்சி தொடரும்” என்று கீழே நாலு வரி.

“இன்னாக்கா இது, எல்லாம் அழுமூஞ்சியா சேத்து வச்சிக்கீற” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“மேல போனத ஊரே வச்சிருக்கும்ட்டி. கீழ வந்தத யாரு வச்சிருப்பா?”

எப்படி ஆரம்பித்தது என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மெஸ்ஸுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவர் ஊர் பணகுடிப் பக்கம், மகேந்திரகிரி மலை அடிவாரம். அந்த மலையில் ராக்கெட் எஞ்சினைச் சுட்டுப் பார்ப்பார்கள். முழங்கினால் அடுக்களையில் பாத்திரம் ஆடுமாம். தொட்டிலில் பிள்ளை அழுமாம். ஆட்டிவிட்டுத் தூங்க வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்களாம்.

“கிறிஸ்துமஸ் அன்னைக்கு சாயங்காலம் பையோட பஸ்ஸ விட்டு எறங்குதேன். புருஷன் வீட்ட விட்டு வந்தாச்சு, இனி போறதா இல்ல. நல்ல நாளு, தெருவுல எல்லாவளும் வாசல்லதான் நிப்பாளுவ, பையப் பாத்ததும் கேப்பாளுவ, என்ன சொல்லன்னு நெஞ்சு அடிக்கி. வந்து பாத்தா தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. பூராப் பேரும் டிவி முன்னால. ராக்கெட் கெளம்பி, கண்ணு முன்னால ஒடஞ்சு கடல்ல விழுந்திருக்கு. எங்க மலையில முழங்குன எஞ்சினுல்லா, ஊரே எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கு. நான் பையத் தூக்கிட்டு நேரா வீட்டுக்குள்ள போயி படுத்துட்டேன். ஒருத்தி ஒரு வார்த்த கேக்கல. எனக்காவத்தான் அது விழுந்துச்சுன்னு நெனச்சேன்.”

“மறுநாள்?” என்றேன். அவர் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“மறுநாள் பேப்பர்ல போட்டிருந்தான். எதனால விழுந்ததுன்னு பாக்க கமிட்டி வச்சிருக்கு, எந்த எடத்துல ஒடஞ்சதுன்னு கண்டுபிடிப்பாங்கன்னு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நீ ஏன் வந்தே, ஏன் வந்தேன்னு என்ட்ட எல்லாரும் கேட்டாளுவ. எங்கன ஒடஞ்சதுன்னு ஒருத்தர் கேக்கல.”

அந்தப் பேப்பர்தான் பெட்டியில் முதல் சரக்கு. பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அக்கா எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். நல்ல கிண்டல்காரி. பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி எங்கள் ரூமில் இருந்தாள். அக்கா ராக்கெட் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, லீவுக்கு ஊருக்குப் போனவள் கரையில் ஒதுங்கியது என்று கருகிப்போன வெள்ளைக் கட்டி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள். “ராக்கெட் துண்டுக்கா, எங்க மாமா பாத்தாராம்” என்றாள். குவாலிட்டி செக்‌ஷனில் இருந்த தருமபுரிக்காரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, “இது ஃபிரிட்ஜ் வர்ற பெட்டியில வைக்கிற தெர்மாகோல்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். பழவேற்காட்டுக்காரிக்கு முகம் செத்துவிட்டது.

“கெடக்கட்டும்” என்று அக்கா அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். “ஃபிரிட்ஜ் விழுந்தாலும் விழுந்ததுதாம்.”

அதே பெண் இன்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: “ராக்கெட் வுடுற அன்னிக்கு எங்கப்பா கடலுக்குப் போவ முடியாதுக்கா. போவக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க. போட்டெல்லாம் கரையிலயே கீது. மறுநாள்தான் மீன்.”

அக்கா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை. “மறுநாள்தான் மீனா? மேல போனாலும் கீழ விழுந்தாலும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த லீவில் அந்தப் பெண் அவள் அப்பா வலையில் கட்டுகிற மிதவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ராக்கெட் போன நாளில் கரையிலேயே கிடந்த வலையின் மிதவை. தபால் உறைக்கும் தொப்பிக்கும் நடுவில் அதற்குத் தனியாகத் துணி சுற்றி இடம் கொடுத்தார்.

என் கதைக்கு வருகிறேன். லைனில் சேர்ந்த புதிதில் என் ஸ்டேஷனைத் தாண்டிப் போன ஒரு லாட் பூராவும் திரும்பி வந்துவிட்டது. கேமரா கண்ணாடிக்குள்ளே தூசி. சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் என்னை நிற்க வைத்து, “உனக்குக் கண்ணு கீதா, இல்லியா?” என்று கேட்டார். ரிஜெக்ட் ஆன சரக்கைப் போடுகிற சிவப்புக் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். ஹாஸ்டலுக்கு வந்து யூனிபாரத்தோடேயே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அக்கா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டை மூடி, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை பிள்ளைகளைப் பார்க்கிற பொம்பளை, என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

மறுநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னைக்கு அதே எடத்துல நின்னியா?”

“ஆமாக்கா.”

“கை நடுங்குச்சா?”

“முதல்ல நடுங்கிச்சு. டீ டைமுக்கு அப்பறம் இல்ல.”

“ம்” என்றார். “விழுந்த அன்னைக்குக் கேட்டா எல்லாவளும் பொய்தான் சொல்லுவா. மறுநாள் கேட்டாத்தான் உண்ம.”

அதிலிருந்து பார்த்து வைத்துக்கொண்டேன். ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் அன்றைக்குத் தட்டு மட்டும்தான் போகும். கேள்வி மறுநாள் போகும்.

நிலாவில் போய் இறங்கப்போகிறோம் என்று நாடே காத்திருந்த வருஷம் எங்கள் கம்பெனியிலும் ஏற்பாடு தடபுடலாக இருந்தது. இந்தப் பக்கத்து கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவார்கள். டார்கெட் எட்டுவதற்கு முன்னாலேயே டார்கெட் எட்டியதற்கு கேக் ஆர்டர் போய்விடும். அப்படித்தான் கேண்டீன் சுவர் நீளத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ், “நிலவைத் தொட்டுவிட்டோம்” என்று பெரிய எழுத்தில். ஆளுக்கு ஒரு லட்டு டப்பா. நைட் ஷிப்டுக்காரர்கள் பார்க்கப் பெரிய திரை. ஆனால் அது இறங்கவில்லை. காலையில் நைட் ஷிப்டு பஸ் வந்து நின்றபோது இறங்கின பிள்ளைகள் கையில் எல்லாம் பிரிக்காத டப்பா. யாருக்கும் தின்ன மனசு வரவில்லை.

“லட்டு என்ன செஞ்சுச்சு? தின்னுட்டுப் படுங்க” என்றார் அக்கா. தானும் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்து டூவீலர் ஸ்டாண்டுக்கு மழைக்கு மறைப்பாகப் போட்டிருந்தார்கள். பஸ் டிரைவரிடம் சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு நல்ல தார்ப்பாயைக் கொடுத்து, அக்கா அதை வரவழைத்தார். அவர் ரூம் சுவரில் ஒரு பக்கம் பூராவும் அது வந்துவிட்டது. ஓரத்தில் மடித்துச் சொருகியும் இடம் போதாமல் ‘விட்டோம்’ பக்கத்துச் சுவருக்குத் திரும்பியிருந்தது. காண்ட்ராக்ட் நீட்டிக்காமல் ஊருக்குத் திரும்புகிற பிள்ளைகள் கடைசியாக அந்த ரூமில் வந்து உட்கார்ந்து அழுவார்கள். அவர்களுக்கு எதிரே அந்தப் பெரிய எழுத்து இருக்கும். யாருக்கும் அக்கா அறிவுரை சொன்னதில்லை. “ஊருக்குப் போய் மறுநாள் போன் போடு” என்பார், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொரு வருஷம் நிஜமாகவே இறங்கிவிட்டது. சாயங்காலம், பஸ்ஸில் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டே வந்தோம். அக்காவுக்கென்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பேட்ஜ், கொடி, படம் போட்ட கப், கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பொம்மை, டீஷர்ட். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார், எல்லாருக்கும் டீ போட்டார். ஆனால் வந்ததையெல்லாம் பெட்டியில் சேர்க்கவில்லை. ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தார்.

“ஏன்க்கா, ஜெயிச்சா உனக்குப் புடிக்காதா?” என்று ஒருத்தி சீண்டினாள்.

“புடிக்கும்ட்டி. இதுக்கு மறுநாள் வரட்டும்.”

மறுநாள் எங்களையெல்லாம் கேட்டார், என்ன செய்தீர்கள் என்று. “ஓடி பாத்தோம்க்கா” என்றோம். ஓடி என்றால் ஓவர்டைம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அட்டைப் பெட்டி அலமாரி மேலேயே தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணம். மணிமங்கலத்தில் மாப்பிள்ளை, சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. மறுநாள் வந்தார். பந்தல் கழிகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம், மிச்ச சாம்பாரைச் சூடு பண்ணிப் போட்டோம். என் மாமியார், “இன்னா இந்தம்மா, கண்ணாலத்துக்கு வராம வூடு கழுவுற அன்னிக்கு வருது” என்று வாய்விட்டே சொன்னார். அக்கா சாப்பிட்டு முடித்துத் துடைப்பத்தை வாங்கி ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதிலிருந்து மாமியாருக்கு அவர் பேச்சுதான்.

போன வருஷம் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் புதிதாகக் கட்டின பெரிய விடுதிக்கு மாற்றுகிறார்கள். மாடி மாடியாக, லிஃப்ட், கைரேகை வைத்தால் திறக்கிற கதவு. அக்காவுக்கும் அங்கே ஒரு பிளாக்கில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே தனி ரூம் கிடையாது. ஒரு கட்டில், ஒரு இரும்பு லாக்கர். லாக்கரில் அடங்காத எதுவும் உள்ளே வரக்கூடாது. ஊரில் தம்பி வீடு. “அங்க எனக்கே பாய் விரிக்க எடம் இல்ல. பெட்டிய எங்கன கொண்டு வைக்க?” என்று என்னிடம் போனில் சொன்னார். குரலே அலுத்துப் போயிருந்தது.

காலி பண்ணுவதற்கு முந்தி, கணக்கெடுக்கக் கம்பெனி தம்பி ஒருவர் கையில் டேப்லட்டோடு வந்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். அக்கா மெஸ் மேஜையில் பழைய புடவையை விரித்து, பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தார். புது விடுதியில் இதற்கு ஒரு இடம் கேட்டுப் பார்க்கலாம் என்று துணிந்துவிட்டார். அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். உட்காரக்கூட நேரமில்லாமல் அலைந்து வந்த முகம்.

“சூப்பர்க்கா. ரிசப்ஷன்ல ஒரு கண்ணாடி ஷோகேஸ் காலியா இருக்கு. இதை வச்சிடலாம்” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

தம்பி பேப்பர்களைப் புரட்ட ஆரம்பித்தார். புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது. “எல்லாமே ஃபெயிலியராக்கா இருக்கு?”

“ஆமா சார்.”

“இதை எப்படிக்கா வைக்கிறது? காலையில வேலைக்குப் போற பிள்ளைங்க பாத்தா மனசு விட்டுடும். மேல கேப்பாங்க. ஜெயிச்சது ஏதாவது இருக்கா?”

அக்கா மிதவையை எடுத்து, உருண்டு விழாத மாதிரி ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலே இருந்த அட்டைப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க சார். இது பிள்ளைங்க வாங்கித் தந்தது. அவங்க கண்ணுல படுற எடத்துல வைங்க.”

தம்பிக்கு நிம்மதி. போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் பேப்பர்களைத் திரும்ப அடுக்கினோம்.

“நம்ம வூட்ல வச்சிடலாம்க்கா” என்றேன்.

“ஒம் மாமியாரக் கேளு மொதல்ல.”

கேட்டேன். “வூடு கூட்டுன பொம்பள பொட்டி தான, கொண்டா” என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் வண்டியில் சாமான் ஏற்றின அன்றைக்கு மழை. பெட்டி நனையக்கூடாது என்று அக்கா அந்த ஃபிளெக்ஸையே சுவரிலிருந்து பிரித்து மேலே மூடிக் கட்டினார். எழுத்து வெளிப்பக்கம் வந்துவிட்டது. ஒரகடம் சிக்னலில் பைக்கில் பக்கத்தில் நின்ற ஆள், “எந்தக் கட்சிங்க?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாராம். “நிலாக் கட்சி” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் புது விடுதிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அக்கா புது யூனிபாரம் புடவையில் வந்தார், கழுத்தில் கயிறு போட்ட கார்டு. புடவையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நின்றது. அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியாக ரிசப்ஷன் தெரிந்தது. கப், கொடி, பொம்மை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தன.

இத்தனை வருஷத்தில் மறுநாளே வந்து அவரை ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நேத்து வந்த, சரி. இன்னிக்கு இன்னாக்கா பண்ண?” என்றேன்.

அவர் ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி நின்றார்.

“காலைல எந்திச்சேன். கக்கூஸ் எந்தப் பக்கம்னு தெரியல. எல்லாக் கதவும் ஒண்ணு போல இருக்கு. ஒரு பிள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. பேரு கேக்கல.” கொஞ்சம் பொறுத்து, “கேக்கணும்” என்றார்.

“சாப்பிட்டியா?”

“சாப்ட்டேன். உப்பு பத்தாது.” கம்பி வழியாக என் கையைப் பிடித்தார். “பெட்டிய எங்கன வச்சே?”

“கட்டிலுக்குக் கீழ. மாமியா அது மேல அரிசி மூட்டைய சாச்சி வச்சிட்டாங்க.”

அக்கா சிரித்தார். அந்த இடத்தில் அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “நல்லது. இனிமே எங்கயும் பறக்காது.”

அதற்குள் ஷிப்டு பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போனார்கள். கடைசியாக ஒரு புதுப் பெண் இறங்கினாள். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள், கண் சிவந்து வீங்கியிருந்தது. எங்களைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே, தட்டு எடுக்க உள்ளே போனார்.